பந்தாட்ட ஆசான் ரகீம்

திண்டுக்கல் நகரின் மேற்கே, திண்டு போன்று கிடக்கும் பெரும்பாறையின் மேல் மலைக்கோட்டை நிற்கிறது. மாலை வேளையில் அப்பாறையின் நிழல் கிழக்கு நோக்கி நீண்டு நகரின்மீது படியும். வெயில் தணியும் அந்நேரத்தில் நகரத்துத் திடல்களிலும், புறத்தே விரிந்து கிடக்கும் செம்மண் வெளிகளிலும் சிறுவர் கூடுவர். இரண்டு கற்களை வைத்துக் கோல் கம்பங்களாகக் கொள்வர். நொடிப்பொழுதில் இரு கட்சிகளாகப் பிரிவர். பந்தை உதைக்கத் தொடங்குவர். பந்து எங்குச் சென்றாலும் இருபது பேரும் அங்கே ஓடுவர். வலக்காலால் உதைத்துப் பழகியவன் என்றும் வலக்காலாலேயே உதைப்பான். பந்தைப் பெற்றவன் அதனைப் பிறருக்குத் தர மனமின்றித் தானே கொண்டு செல்வான். இருள் சூழும்வரை ஆடிக் களித்து அனைவரும் வீடு திரும்புவர். மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆயினும், சென்ற ஆண்டு ஆடியதைவிட இவ்வாண்டு எவ்வகையில் நன்றாக ஆடுகிறாய் என்று அவர்களுள் ஒருவனைக் கேட்டால், அவன் விடை கூற இயலாது விழிப்பான்.

ஆடுதல் வேறு, ஆடப் பயிலுதல் வேறு. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்து, ஆசிரியர் ஒருவர் பாடவேளையை வகுத்துக் கொள்வதுபோலப் பயிற்சி வேளையை வகுத்துக் கொண்டவர் சையது அப்துல் ரகீம். இந்தியக் கால்பந்தாட்டம் ஆசியாவில் தலைநிமிர்ந்து நின்ற காலத்தில் அதனை நடத்திச் சென்றவர் அவரே. அவர் பெரும்படைத் தலைவர் அல்லர், செல்வர் அல்லர். பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் ஐதராபாத்து நிசாமின் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் ரகீம் கல்வி கற்றார். அப்பல்கலைக்கழகக் குழுவில் பந்தாடிப் பெயர் பெற்றார். கல்வி முடிந்ததும் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி முதலிய பள்ளிகள் சிலவற்றில் பணியாற்றினார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்றார். தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளியிலும் சாதர்காட் உயர்நிலைப் பள்ளியிலும் விளையாட்டுப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் வாழ்க்கையின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. வகுப்பறையில் நின்று பழகிய ஒருவர் விளையாட்டுத் திடலுக்கு வரும்போது அவர் கண் பிறர் கண்ணினின்றும் வேறாகி விடுகிறது. நாற்பது மாணவருள் எவன் எதனை அறியாதிருக்கிறான் என்பதையே நல்லாசிரியர் முதலிற் காண்பார். கணக்கில் வகுத்தல் தெரியாதவனுக்குப் பெருக்கலை மீண்டும் மீண்டும் கொடுத்துப் பயனில்லை என்பதை அவர் அறிவார். ரகீம் ஆட்டக்காரரை இக்கண்கொண்டே நோக்கினார்.

1943ஆம் ஆண்டில் அவர் ஐதராபாத்துக் கால்பந்துக் கழகத்தின் செயலாளரானார். சில ஆண்டுகளுக்குப் பின், 1950இல், ஐதராபாத்து நகரக் காவல் துறைக் குழுவின் பயிற்சியாளர் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. அப்பொறுப்பை அவர் தம் வாழ்நாள் முடியும்வரை வகித்தார்.

அக்காலத்து இந்திய ஆட்டக்காரர் திறமையற்றவர் அல்லர். வெறுங்காலுடன் பந்தைத் தம் காலடியில் ஒட்டவைத்தாற் போல உருட்டிச் சென்று, எதிரிகள் இருவரையோ மூவரையோ ஏய்த்துக் கடக்கும் வித்தையில் அவர்கள் வல்லவர். காண்போர் கைதட்டி ஆரவாரிப்பர். ஆனால் நான்காம் எதிரி காலை நீட்டியதும் பந்து பறிபோகும். அதற்குள் உடனாடுவோர் முன்னே ஓடிக் காத்திருந்து களைத்திருப்பர். அத்துடன், பெரும்பாலோர் ஒருகால் ஆட்டக்காரராகவே இருந்தனர். வலக்காலன் ஒருவனை அவனது இடப்புறமாகத் திருப்பிவிட்டால் போதும். அவன் திறமையில் பாதி அழிந்துவிடும். இக்குறைகளை அயல்நாட்டுக் குழுக்கள் எளிதிற் கண்டுகொண்டன.

இவற்றைப் போக்க ரகீம் கையாண்ட வழி எண்ணி மகிழத்தக்கது. குறைகளைச் சுட்டிக்காட்டிச் சினந்து கொள்வதால் மட்டும் பயன் விளையாது. இடக்காலைப் பயன்படுத்து என்று ஒருவனிடம் நூறு முறை கூறலாம். ஆட்டத்தின் வேகத்தில் அவன் தன்னையறியாமலே வலக்காலுக்குத் திரும்பி விடுவான். ஆதலின் ரகீம் விதியையே மாற்றினார். வலுக்குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்னும் விதியுடன் அவர் போட்டிகளை நடத்தினார். அத்தகைய போட்டியில் வலக்காலன் இடக்காலையே நாட வேண்டும். வேறு புகலிடம் இல்லை. முதலில் பந்து திசை மாறிப் போகும், காண்போர் நகைப்பர், ஆடுவோரும் நகைப்பர். நாட்கள் செல்லச் செல்ல அந்தக் கால் தன் தொழிலைக் கற்றுக்கொள்ளும்.

பந்தை உருட்டி ஏய்த்துச் செல்லுதல் கூடாது என்னும் விதியுடனும் அவர் போட்டிகள் நடத்தினார். அங்கே பந்து வந்தவுடன் அதனைப் பிறருக்கு அனுப்பியே ஆகவேண்டும். இதில் நுட்பமானதொரு செய்தி உண்டு. பந்து காலை அடைந்த பின்னர் யாருக்கு அனுப்புவது என்று சிந்தித்தால் காலம் கடந்துவிடும். ஆகவே பந்து வருமுன்னரே ஆடுபவன் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்திருக்க வேண்டும். பந்து இல்லாதவனும் சும்மா நிற்க இயலாது. தன் நண்பன் அனுப்பத்தக்க வெற்றிடத்தைத் தேடி அவன் ஓடியாக வேண்டும். ஒரேயொரு விதி, பார்க்கும் கண்ணையும் ஓடும் காலையும் ஒருங்கே பயிற்றுவித்தது. உடல் பருமனும் உயரமும் மிக்க அயல்நாட்டாரோடு மோதி வெல்லுதல் இந்திய இளைஞர்க்கு அரிது. ஆனால் தரையோடு தரையாகப் பந்தை ஒருவர் மற்றொருவருக்கு விரைந்து அனுப்பிக் கொண்டேயிருந்தால், மோதுவதற்கே எதிரிக்கு ஆள் அகப்படாது. ஒரு தொடுதலில் பந்தை அனுப்பும் ஆட்டத்தை ரகீம் வற்புறுத்தியதன் கருத்து இதுவே.

இன்று பந்தாட்டப் பயிற்சி நூல்கள் பலவும் இம்முறையைப் பேசுகின்றன. ஆடுகளத்தைச் சிறிதாக்குதல், தொடுதல்களின் எண்ணிக்கையைக் குறைத்தல், ஒரு நாளைக்கு ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் என்பன அவற்றில் இடம்பெறும். அத்தகைய நூல்கள் எளிதிற் கிட்டாத காலத்தில், சுண்ணக்கட்டி பிடித்த கையோடு திடலுக்கு வந்த ஒருவர் அதனைச் செய்துகாட்டினார் என்பதுதான் வியப்பு.

பயன் விரைவில் தெரிந்தது. பம்பாயில் நடைபெற்ற ரோவர்சுக் கோப்பைப் போட்டியில் ஐதராபாத்து நகரக் காவல் குழு 1950 முதல் 1954 முடிய ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றது. 1950ஆம் ஆண்டில் டூரண்டுக் கோப்பையும் அதற்கே கிடைத்தது. கல்கத்தாவே கால்பந்தாட்டத்தின் தலைநகரம் என்றிருந்த நிலையில், தக்காண பீடபூமியிலிருந்து வந்த காவலர் குழுவொன்று கோப்பைகளை வரிசையாக அள்ளிச் சென்றதைக் கண்டு நாடே திரும்பிப் பார்த்தது. இந்தியக் குழுவைப் பயிற்றும் பணியும் ரகீமைத் தேடி வந்தது. 1951ஆம் ஆண்டு தில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இறுதி ஆட்டத்தில் இந்தியக் குழு ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று பொற்பதக்கம் பெற்றது.

புகழ் உச்சியை எட்டியதும் வீழ்ச்சியும் வந்தது. மறு ஆண்டு, 1952இல், பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரில் ஒலிம்பிக்குப் போட்டிகள் நடைபெற்றன. இந்தியாவை எதிர்த்து நின்றது யுகோசுலாவியா. குளிரும் ஈரமும் மிக்க திடலில் இந்திய ஆட்டக்காரருள் பலர் வெறுங்காலுடன் இறங்கினர். அக்காலத்துப் பந்து தோலால் ஆனது. ஈரத்தை உறிஞ்சிக் கனத்துப் போவது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் வாழ்வார்க்கு, நனைந்த தோல் எவ்வாறு கனக்கும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காய்ந்த தரையில் பந்தோடு உறவாடிய கால்கள் அந்த ஈரத் தரையில் வழுக்கின. இந்தியா 10-1 என்ற கணக்கில் தோற்றது.

பத்துக் கோல்கள்! முன்னாண்டு மாலை சூட்டியவர்களே தலைகுனிந்தனர். ஒருவகையில் அத்தோல்வி நன்மையையும் விளைத்தது. அதன்பின் இந்தியக் கால்பந்துக் கழகம், ஆட்டக்காரர் காலணி அணிந்தே ஆடவேண்டும் என்று விதித்தது. காலணி அணிவது சிறு மாற்றம் என்று பார்ப்பவர்க்குத் தோன்றலாம். சிறுவயது முதல் வெறுங்காலில் பந்தைத் தொட்டுப் பழகியவனுக்கு அது மறுபிறப்பை ஒத்தது. விரல் நுனி அறிந்த பந்தின் உணர்வைத் தடித்த தோலின் ஊடாக மீண்டும் அறிய வேண்டும். நிறுத்துதல், அனுப்புதல், அடித்தல் ஆகிய அனைத்தையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். அரிச்சுவடி கற்பிப்பது ரகீமுக்குப் புதிய வேலையன்று.

அவர் தாமும் மாணவராக இருந்தார் என்பதை மறத்தல் ஆகாது. 1953ஆம் ஆண்டு நவம்பரில் அங்கேரி நாட்டுக் குழு இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணாகிய வெம்பிளித் திடலில் 6-3 என்ற கணக்கில் வென்று உலகை வியக்கவைத்தது. முன்வரிசையின் நடுவில் நிற்கவேண்டிய ஆட்டக்காரர் அங்கே நில்லாமல் பின்னுக்கு இறங்கி நின்றார். அவரைக் காக்கவேண்டிய இங்கிலாந்து வீரர், பின்தொடர்ந்து செல்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று மயங்கினார். தொடர்ந்து சென்றால் பின்னே வெளி திறந்தது. நின்றால் எதிராளி தடையின்றிப் பந்தாடினார். அங்கேரியின் இந்த ஆட்டமுறையை ரகீம் கருத்தூன்றி ஆராய்ந்து இந்தியக் குழுவுக்கு ஏற்றவாறு அமைத்துக் கொண்டார். எங்கோ நடந்த ஆட்டத்தைத் தம் ஊர்த் திடலின் பயிற்சிக்குப் பாடமாக்கிக் கொள்வது எளிய செயலன்று.

பயிற்சியை வகுப்பது ஒருபுறம். அதற்கு வரும் இளைஞரைக் கண்டெடுப்பது மற்றொருபுறம். பெரிய குழுக்களின் ஆட்டங்களை மட்டுமன்றிச் சிற்றூர்ப் போட்டிகளையும் ரகீம் சென்று காண்பார். அவ்வாறு அவர் கண்ணில் பட்டவருள் ஒருவர் துளசிதாசு பலராமன். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில் 1936ஆம் ஆண்டு தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர் அவர். வறுமை மிக்க குடும்பம். பலராமனின் ஆட்டத்தைக் கண்ட ரகீம், ஐதராபாத்து மாநிலக் குழுவுக்கான பயிற்சிக்கு வருமாறு அவரை அழைத்தார். ஆனால் அழைக்கப்பட்டவர் வரவில்லை.

வேறொருவராயின், கிடைத்த வாய்ப்பைப் பையன் மதிக்கவில்லை என்று எண்ணி அப்பெயரை அடித்துவிட்டிருப்பர். ரகீம் காரணத்தை வினவினார். அம்முகுடாவிலிருந்து ஐதராபாத்துத் திடலுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூருக்குச் செல்லும் வழியை ஒத்தது. நாள்தோறும் வந்து செல்வதற்குப் பலராமனிடம் பணம் இல்லை. இதனை அறிந்த ரகீம், வாடகைக்கு மிதிவண்டி எடுத்துக்கொள்ளப் பலராமனுக்குப் பணம் கொடுத்து உதவினார். அதன்பின் அந்த இளைஞர் மிதிவண்டி மிதித்து வந்து பயின்றார். 1956ஆம் ஆண்டு ஐதராபாத்துக் குழு மாநிலங்களுக்கிடையேயான சந்தோசுக் கோப்பையை வென்றபோது பலராமன் அக்குழுவில் இருந்தார். அவ்வாண்டே, இருபது வயதில், ஒலிம்பிக்குப் போட்டிக்குச் செல்லும் இந்தியக் குழுவிலும் இடம் பெற்றார். பயிற்சித் திட்டம் எவ்வளவு சிறந்ததாயினும், பயில வேண்டியவன் திடலுக்கு வந்து சேர வழியில்லையேல் அத்திட்டம் யாருக்காக? மிதிவண்டி வாடகையும் பயிற்சித் திட்டத்தின் ஒரு பகுதியே.

அந்த ஒலிம்பிக்குப் போட்டி ஆசுதிரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடைபெற்றது. முதற்சுற்றில் எதிர்க்கவேண்டிய அங்கேரி போட்டியினின்றும் விலகிக் கொண்டது. கால் இறுதியில் இந்தியா ஆசுதிரேலியாவைச் சந்தித்தது. போட்டியை நடத்தும் நாடு, அவர்கள் மண், அவர்கள் மக்கள். இந்தியா 4-2 என்ற கணக்கில் வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக்குக் கால்பந்தாட்டத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. நான்காவது கோலை அடித்தவர் கிட்டு எனப்பட்ட கிருஷ்ணசாமி. அரை இறுதியில் எதிரே நின்றது, எல்சிங்கியில் பத்துக் கோல் அடித்த அதே யுகோசுலாவியா. இம்முறை முதற்கோலை அடித்தது இந்தியா! திடலில் இருந்தோர் திகைத்தனர். பின்னர் யுகோசுலாவியர் விழித்துக்கொண்டு நான்கு கோல்களை அடித்து 4-1 என வென்றனர். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 எனத் தோற்ற இந்தியாவுக்கு நான்காம் இடம் கிட்டியது.

தோல்வி தோல்விதான், பதக்கம் கிடைக்கவில்லை. எனினும் அதே எதிரியிடம் 10-1 ஆக இருந்தது நான்கே ஆண்டுகளில் 4-1 ஆகியது. அந்நான்காண்டுகளில் அன்றாடம் மாலைநேரத்தில் நடந்தவற்றைச் செய்தித்தாள்கள் விரிவாக எழுதியதில்லை. 1960ஆம் ஆண்டு உரோமையில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் இந்தியக் குழு கடினமான பிரிவொன்றில் அகப்பட்டுக் கொண்டது. அங்கேரியிடம் 2-1 என்ற கணக்கில் மட்டுமே தோற்றது. அவ்வாட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் மிதிவண்டியில் வந்து பயின்ற பலராமன். பிரான்சு நாட்டுடன் 1-1 எனச் சமநிலை கண்டது. பெருவிடம் தோற்று வெளியேறியது.

ரகீமின் வாழ்க்கையில் கடைசிப் பெருந்தேர்வு 1962ஆம் ஆண்டு இந்தோனீசியத் தலைநகராகிய சகார்த்தாவில் வந்தது. நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கு நடைபெற்றன. அப்போதே ரகீமின் உடலில் புற்றுநோய் குடிகொண்டிருந்தது. அவர் உடல் தளர்ந்திருந்தாலும் பணி தளரவில்லை.

தொடக்கமே தோல்வி. முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2-0 என்று இந்தியாவை வென்றது. அடுத்து தாய்லாந்தை இந்தியா 4-1 என வென்றபோதிலும் அவ்வெற்றிக்கு விலை கொடுக்க நேர்ந்தது. பின்காவலின் தூணாக விளங்கிய செர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டு ஆறு தையல்கள் போடப்பட்டன. அக்காலத்தில் காயமுற்றவருக்குப் பதிலாக ஆட்டத்தின் நடுவே மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கமும் இல்லை. முதன்மைக் கோல் காப்பாளரும் தமிழருமான பீட்டர் தங்கராசு காய்ச்சலால் படுத்திருந்தார். சப்பானை 2-0 என்று வென்று இந்தியா அரை இறுதியை எட்டியது.

களத்துக்கு வெளியேயும் துன்பம் சூழ்ந்தது. இசுரேல், தைவான் ஆகிய நாடுகளின் குழுக்கள் போட்டிகளில் பங்குபெற அனுமதிக்கப்படாமையை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தார். அதனால் சகார்த்தா மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டனர். இந்தியக் குழுவினர் செல்லுமிடமெல்லாம் எதிர்ப்பு முழங்கிற்று. பந்தாட்டம் ஒன்றே அறிந்த இளைஞர்கள், தாங்கள் செய்யாத ஒன்றுக்காக ஏச்சைத் தாங்கினர்.

அரை இறுதியில் தென்வியட்நாமை எதிர்க்க வேண்டும். செர்னைல் சிங் தலைக்கட்டுடன் ஆடத் துணிந்தார். பின்காவலில் நின்றால் உயரே வரும் பந்துகளைத் தலையால் தடுத்தாக வேண்டும், தையல் பிரிந்துவிடும். அவரை அமரச் செய்வதே எவரும் எடுக்கக்கூடிய முடிவு. ரகீம் அவரை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார்! காக்கும் தொழிலில் பெயர்பெற்றவரைத் தாக்கும் தொழிலுக்கு அனுப்பினார். பின்காவலின் நடுவிடத்தை அருண் கோசு ஏற்றார். இடம் மாறினாலும் தொழில் மறவாதபடி பயின்ற குழுவாதலின் இம்மாற்றம் அதனைக் குலைக்கவில்லை. அவ்வாட்டத்தில் செர்னைல் சிங் ஒரு கோல் அடித்தார். குழுத்தலைவர் சூனி கோசுவாமி இரண்டு கோல்கள் அடித்தார். இந்தியா 3-2 என்று வென்றது.

1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரி, முதல் நாளில் இந்தியாவை வென்ற அதே தென்கொரியா. செனாயன் திடலில் ஏறத்தாழ 1 லட்சம் மக்கள் திரண்டிருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியா தோற்பதைக் காண விரும்பியவர்களே. இந்திய நாட்டுப் பண் இசைக்கப்பட்டபோதும் கூச்சல் ஓயவில்லை. ரகீம் மற்றொரு துணிவான முடிவும் செய்தார். இடையில் கோல் காத்து நன்கு ஆடிய பிரத்யுத் பர்மனை நிறுத்திவிட்டு, காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராசையே கோல் காக்க அனுப்பினார். தென்கொரியர் உயரப் பந்துகளை அனுப்பித் தாக்கினால், அவற்றைக் கைப்பற்ற நெடிய உருவம் படைத்த தங்கராசே ஏற்றவர். திரிலோக் சிங் கால் விரலில் பட்ட காயத்துடன் ஆடினார். தலையில் கட்டிட்டவர் ஒருவர், காலில் காயமுற்றவர் ஒருவர், படுக்கையிலிருந்து எழுந்தவர் ஒருவர். ஓரத்தில் அமர்ந்து அவர்களை இயக்கியவரோ கொடிய நோயாளி.

ஆட்டம் தொடங்கிற்று. பந்து இந்தியர் கால்களிடையே தரையோடு தரையாக விரைந்தது. 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்சி கோல் அடித்தார். கூச்சல் சற்றே தணிந்தது. மூன்று நிமிடங்கள் சென்றன. தலைக்கட்டுடன் முன்வரிசையில் நின்ற செர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். அதன்பின் தென்கொரியர் அலையலையாகத் தாக்கினர். பின்காவல் உடையவில்லை, தங்கராசின் கைகளும் சோரவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் தென்கொரியர் ஒரு கோல் அடித்தனர். எஞ்சிய சில நிமிடங்களை இந்தியர் எவ்வாறு கடத்தினர் என்பதை அவர்களே அறிவர். 2-1 என்ற கணக்கில் பொற்பதக்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது.

அதற்குப்பின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியக் கால்பந்துக் குழு பொற்பதக்கம் பெற்றதில்லை. 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் வெண்கலப் பதக்கம் ஒன்று கிடைத்தது, அவ்வளவே.

சகார்த்தாவிலிருந்து திரும்பிய ரகீம் நெடுநாள் வாழவில்லை. நோய் முற்றியது. 1963ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள், தமது 53ஆம் வயதில், அவர் காலமானார். நாடு அவரை மெல்ல மெல்ல மறந்தது. கோல் அடித்தவர் பெயரை நினைவில் வைப்பதும், அடிக்கக் கற்பித்தவர் பெயரை விட்டுவிடுவதும் உலகின் வழக்கமாகிவிட்டது போலும். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2024இல், அவர் வாழ்க்கையைத் தழுவித் திரைப்படம் ஒன்று வெளிவந்தபோதுதான் இளந்தலைமுறையினர் பலர் அவர் பெயரை முதன்முறையாகக் கேட்டனர்.

அவரிடம் பயின்றவர்கள் பின்னர்ப் பயிற்சியாளராயினர். அவர் மைந்தர் சையது சாகித் அக்கீம், 1960ஆம் ஆண்டு உரோமைக்குச் சென்ற ஒலிம்பிக்குக் குழுவில் இடம்பெற்றவர். பின்னாளில் பயிற்சிப் பணியையும் மேற்கொண்டார். அருண் கோசும் அவ்வழியே சென்றார். சகார்த்தாவில் முதற்கோல் அடித்த பானர்சி, கல்கத்தாவின் பெரிய குழுக்களைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்தார். பின்னர், முதுமையை நெருங்கிய 1990களில், சாம்செட்பூரில் உள்ள டாட்டாக் கால்பந்துப் பயிற்சிக் கழகத்தில் பொறுப்பேற்று, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த இளஞ்சிறுவர்க்குப் பந்தாடக் கற்பித்தார்.